சுவர் சலுகை காட்டாது: கட்டடத் தொண்டில் இறங்கும் இளைஞருக்கு ஒரு திறந்த மடல்



வீடற்ற குடும்பத்துக்கு வீடும், மரத்தடியில் பாடம் நடக்கும் ஊருக்கு வகுப்பறையும், புயலில் இடிந்த குடியிருப்புக்குப் புதுச்சுவரும் எழுப்பித் தரும் பணியில் கூலி பெறாமல் உழைக்க முன்வரும் இளைஞர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் தோன்றியவண்ணம் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் அதுவரை செங்கல்லைச் சுமந்தோ கலவையைக் குழைத்தோ அறியாதவர்கள். ஏட்டுக் கல்வியிலிருந்தும் மேசை வேலையிலிருந்தும் நேரே களத்துக்கு வருபவர்கள். அத்தகைய ஒருவரை மனத்தில் கொண்டு எழுதப்படும் இக்கடிதம் சொல்ல முனைவது ஒன்றே. தொண்டுள்ளம் ஒருவரைக் கட்டுமானக் களத்தின் வாசல்வரை கொண்டு சேர்க்கும். அதற்கப்பால் அவரிடம் வேலை வாங்குபவை மணலும் நீரும் செங்கல்லும் தூக்குக்குண்டுமே. கூலிக்குக் கட்டியவரா, அன்புக்குக் கட்டியவரா என்று பார்த்து எந்தச் சுவரும் சலுகை காட்டுவதில்லை. ஆகவே, பொருள்களின் இயல்புக்கும் அவற்றை அறிந்த தொழிலாளர்களின் சொல்லுக்கும் கட்டுப்பட்டுக் கற்பதே கட்டடத் தொண்டின் முதற்கடமை. மற்றவை அதன் பின்னர் வருபவை.

இத்தொண்டுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து பொறியியல் பயின்ற பியர் செரெசோல், முதல் உலகப்போர் முடிந்தபின் 1920-இல், வெர்தன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரில், அண்மைவரை பகை நாட்டினராக இருந்த ஜெர்மானியரையும் உட்கொண்ட சிறு குழுவுடன் இடிபாடுகளை அகற்றி வீடுகளை மீட்டெடுக்கத் தொடங்கினார். பின்னாளில் பன்னாட்டுக் குடிமைத் தொண்டு இயக்கமாக வளர்ந்தது அம்முயற்சியே. 1934 ஜனவரி 15 அன்று பீகாரைக் குலைத்த நிலநடுக்கத்தின் பின்னர் அவர் இந்தியாவுக்கும் வந்து, வட பீகாரின் கிராம மறுகட்டுமானத்தில் மண்வெட்டி பிடித்து உழைத்தார். இலங்கையில் 1958-இல் ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன தம் கொழும்புப் பள்ளி மாணவர்களைக் கனதொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட சிற்றூருக்கு அழைத்துச் சென்றதிலிருந்து சர்வோதய இயக்கத்தின் சிரமதான மரபு, அதாவது உழைப்பைத் தானமாக அளிக்கும் மரபு, கிளைத்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1976-இல் ஃபுல்லர் தம்பதியர் நிறுவிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி, வீடு பெறும் குடும்பமும் தன் உடலுழைப்பைப் பங்காகச் செலுத்தும் ஏற்பாட்டைப் பரவச் செய்தது. அந்நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் அதன் தொண்டராக 2006-இல் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா அருகிலுள்ள மாலவலிக்கு வந்து வீடு கட்டும் பணியில் கலந்துகொண்டார்.

இப்பெயர்களைத் தம் முன்னோடிகளாகக் கொள்ளும் இளம் தொண்டர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. செரெசோல் பொறியியல் கற்றவராயினும் களத்தில் மண்வெட்டிக்காரராகவே நின்றார். கார்ட்டர் மரவேலையில் நெடுநாள் பழக்கமுடையவராகவே சுத்தியலைக் கையிலெடுத்தார். திறன் உடையவர் தம் திறனுக்கேற்ற பணியையும், திறன் அற்றவர் திறனைக் கோராத பணியையும் ஏற்றதனால்தான் அம்முயற்சிகள் நிலைத்தன. இதற்கு மாறாகவும் நிகழ்வதுண்டு. தான்சானியாவில் நூலகம் ஒன்றைக் கட்டச் சென்ற வெளிநாட்டு மாணவர் குழு பகலில் எழுப்பிய சுவர் உறுதியற்றதாக இருந்தமையால், உள்ளூர்க் கொத்தனார்கள் இரவோடிரவாக அதைப் பிரித்து மீண்டும் கட்டி, விடிந்தபின் மாணவர் தம் தோல்வியை அறியாதவாறு பார்த்துக்கொண்டனர் என்பதை அக்குழுவைச் சேர்ந்த ஒருவரே பின்னர் வெளிப்படையாக எழுதியுள்ளார். அங்கே தொண்டு செய்தவர்கள் உண்மையில் அக்கொத்தனார்களே. உதவ வந்தவர்கள் அவர்களுக்கு இரட்டை வேலை வைத்தார்கள்.

களத்தில் தம் இடம் எது என்பதைத் தொண்டர் முதலில் அறிதல் வேண்டும். தமிழகக் கட்டுமானக் களத்தில் வேலையைப் பகிர்ந்து, அளவு சொல்லி, பொறுப்பேற்று நிற்பவர் மேஸ்திரி. கரணை, அதாவது கலவையை அள்ளிப் பரப்பும் கொத்துக்கரண்டி, பிடித்துச் சுவர் எழுப்புபவர் கொத்தனார். கல்லும் மணலும் கலவையும் நீரும் அவருக்குக் குறைவின்றி எட்டச் செய்பவர் சித்தாள். புதிய தொண்டரின் இடம் சித்தாளுக்கு அடுத்தபடி, அதாவது சித்தாளிடம் கற்பவர் என்னும் படி. இதைத் தாழ்வென்று கருதுபவர் இத்தொழிலின் கல்விமுறையை அறியாதவர். கொத்தனார்களில் மிகப் பலர் சில ஆண்டுகள் கலவை குழைத்தும் கல் சுமந்தும் வந்தவர்கள். எந்தக் கலவை கரணையில் நிற்கும், எது சுவரில் வழியும் என்பதை அவர்கள் மண்வெட்டியின் வழியாக உணர்ந்த பிறகே கரணையைத் தொட்டனர். அந்தப் படியைத் தாண்டிக் குதிக்கும் தொண்டர், சுவரில் பிழை கண்டால் அது கையின் பிழையா, கலவையின் பிழையா என்று பிரித்தறிய இயலாதவராகவே நின்றுவிடுவார்.

கல்வி மணலில் தொடங்குகிறது. நுண்வண்டலும் களியும் மிகுந்த மணல் சிமெண்டுடன் சரியாகப் பற்றாது என்பதனால், அதைச் சோதிக்கும் எளிய முறை ஒன்று களங்களில் வழங்குகிறது. கண்ணாடிப் புட்டி ஒன்றில் பாதியளவு மணலும் அதற்கு மேல் நீரும் சிறிதளவு உப்பும் இட்டு, நன்கு குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வைத்தால், மணல் அடியிலும் வண்டல் அதன்மேல் மெல்லிய படலமாகவும் படியும். அப்படலம் மணலின் கன அளவில் 8 விழுக்காட்டைத் தாண்டினால் அம்மணலைக் கழுவாமல் பயன்படுத்தலாகாது. மற்றொன்று ஈரம் பற்றியது. சிறிதளவு ஈரம் பட்ட மணல், துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் சூழ்வதால் உப்பிப் பெருகும். ஏறத்தாழ 5 விழுக்காடு ஈரத்தில் அதன் கன அளவு கால் பங்குக்கு மேலும் கூடக்கூடும். உலர்ந்த மணலுக்கு வகுத்த விகிதத்தை ஈர மணலுக்கு அப்படியே பின்பற்றினால், ஆறு பெட்டி என்று அளந்தது உண்மையில் ஐந்து பெட்டிக்கும் குறைவாகவே இருக்கும். மழைக்கு மறுநாள் மேஸ்திரி மணலைக் கையில் பிசைந்து பார்த்து அளவை மாற்றச் சொல்வதன் காரணம் இதுவே. காரணத்தை அவர் விளக்காமற் போகலாம். விளக்கம் கேட்டறிவது கற்பவரின் பொறுப்பு.

அளவு என்பதும் அவ்வாறே. 50 கிலோ எடையுள்ள ஒரு சிமெண்டு மூட்டையின் கன அளவு ஏறத்தாழ 35 லிட்டர், அதாவது ஒன்றேகால் கன அடி. அதே கொள்ளளவுள்ள மரப்பெட்டியால் மணலை அளப்பதே முறை. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணலும், மெலிந்த நாலரை அங்குலச் சுவருக்கு நான்கு பங்கு மணலும் பொதுவாக வழங்கும் விகிதங்கள். பெட்டியைக் கைவிட்டுப் பாண்டு சட்டியால், அதாவது தலையில் சுமக்கும் அகன்ற இரும்புச் சட்டியால், அள்ளிக் கொட்டி எண்ணும் வழக்கம் பரவலாக இருப்பினும், ஒருவர் குவித்து அள்ளுவதும் மற்றொருவர் தலைதட்டி அள்ளுவதுமாக விகிதம் சட்டிக்குச் சட்டி மாறிவிடுகிறது. கலக்கும்போது மணலையும் சிமெண்டையும் நீரின்றி மும்முறையேனும் இடம் மாற்றிப் புரட்டி, குவியல் முழுதும் ஒரே நிறமாகக் கண்டபின், நடுவே குழி பறித்து நீர் விட்டு, ஓரங்களை உள்ளே சரித்துக் குழைக்க வேண்டும். நீர் பட்ட நொடியிலிருந்து சிமெண்டு இறுகத் தொடங்குகிறது. ஆகையால் அரை மணி நேரத்துக்குள் தீரும் அளவே கலக்க வேண்டும் என்பதும், இறுகத் தொடங்கிய கலவையில் மீண்டும் நீர் தெளித்துப் பிசைந்து கட்டக் கூடாது என்பதும் விலக்கில்லாத விதிகள். தொண்டர் குழுக்களில் அதிகம் மீறப்படுவது இவ்விரண்டாம் விதியே. ஏனெனில் உற்சாகத்தில் மிகுதியாகக் கலந்துவிட்டு, அதை வீணாக்க மனம் வராமல் நீர் ஊற்றி உயிர்ப்பிக்க முயல்கிறார்கள். அந்த ஒரு சட்டிக் கலவையின் சிக்கனம் சுவரின் வலிமையிலிருந்து எடுக்கப்படுவதாகும்.

செங்கல்லை நீரில் ஊற வைத்துக் கட்டுவதற்கும் காரணம் உண்டு. சூளைக் கல் நுண்துளைகள் நிறைந்தது. உலர்ந்த நிலையில் வைத்தால் கலவையிலுள்ள நீரை உடனே உறிஞ்சிவிடும், நீரிழந்த சிமெண்டு இறுகுவதற்கு மாறாக உதிரும். ஊறிய கல்லோ நீர் சொட்டும் நிலையில் வைக்கப்பட்டால் கலவையின் மேல் வழுக்கி மிதக்கும். தொட்டியிலிருந்து எடுத்து, மேற்பரப்பின் நீர் வடிந்து, உள்ளே ஈரமும் வெளியே மங்கிய தோற்றமும் உள்ள கல்லே கட்டத் தக்கது. அப்பதத்தில் கல்லை இடைவிடாமல் கொத்தனாருக்கு எட்டச் செய்வது சித்தாளின் கணக்கு. அக்கணக்குத் தவறினால் கொத்தனாரின் கைத்திறன் முழுதும் பயனற்றுப் போகும்.

பொருள்களை அறிந்தபின் கற்க வேண்டியவை நூலும் மட்டமும் தூக்கும். கயிறிட்டு நிலம் வகுக்கும் கலை தமிழ் மண்ணில் மிகப் பழையது; நடப்பட்ட கோல்களின் நிழல் கொண்டு திசையறிந்து, கயிறு பிடித்து அரண்மனைக்கு மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை தருகிறது. இன்றைய எளிய வீட்டுக்கும் முதற்செயல் அதுவே. மூலையைச் சரியான செங்கோணமாக வைப்பதற்கு ஒரு பக்கம் 3 அடியும் மறு பக்கம் 4 அடியும் அளந்து குறித்து, இரு குறிகளுக்கிடையே 5 அடி வருகிறதா என்று பார்ப்பர்; பெரிய மனைக்கு இதையே 6, 8, 10 என இரட்டித்தால் பிழை குறையும். நான்கு மூலைகளும் அமைந்தபின் எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளந்து, இரு அளவுகளும் ஒன்றாயிருப்பதை உறுதிசெய்வர். தொலைவிலுள்ள இரு இடங்களின் உயரத்தை ஒப்பிட நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் நெகிழிக் குழாய் பயன்படுகிறது; குழாயினுள் காற்றுக் குமிழி ஒன்று தங்கியிருந்தாலும் இரு முனைகளின் நீர் ஒரே மட்டத்தில் நில்லாது என்பதனால், பிடிப்பவர் முதலில் குழாயை நெடுகப் பார்த்துக் குமிழியை வெளியேற்ற வேண்டும். இவ்வேலைக்கு வலிமை வேண்டா, பொறுமை போதும். ஆதலின் தொண்டர் முதல் நாள் முதலே உதவத் தக்க வேலை இது.

தூக்குக்குண்டைச் சற்று அணுகி நோக்குதல் தகும். உலோகக் குண்டு ஒன்று நூலில் தொங்குகிறது. அந்நூல் நடுவே துளையிட்ட சிறு கட்டை ஒன்றன் வழியே செல்கிறது. கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்றாகவே அமைக்கப்பட்டிருக்கும். கட்டையைச் சுவரின் மேற்பகுதியில் ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே இறக்கினால், சுவர் செங்குத்தாயின் குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். சுவர் வெளியே சாய்ந்திருந்தால் குண்டு விலகித் தொங்கும். உள்ளே சாய்ந்திருந்தால் அது சுவரில் முட்டிக் கிடக்கும். காற்றில் ஆடும் குண்டு அடங்கும்வரை காத்திராமல் பார்ப்பவருக்கு அது எந்த விடையும் தராது. ஒரு மாடியின் 3 மீட்டர் உயரத்தில் 6 மில்லிமீட்டருக்கு மேல் சாய்வு கூடாதென்று இந்தியத் தரவிதிகள் வரையறுக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத அச்சாய்வைக் குண்டு காட்டிவிடும் என்பதனால், ஓரிரு வரிக்கு ஒருமுறை தூக்குப் பார்ப்பதைத் தம் கையின் மேலுள்ள ஐயமாகக் கருதாமல் அக்கையின் பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

இனிக் கரணை. தேர்ந்த கொத்தனார் ஒரு கல் வைக்கும் முறையைத் தொண்டர் பல நூறு முறை கண்ணால் பார்த்த பின்னரே கையால் செய்யத் தொடங்குவது நன்று. அவர் கரணை நிறையக் கலவையை அள்ளி, மணிக்கட்டின் ஒரே அசைவில் அதை வரியின் மேல் நீளமாக இறக்குகிறார். ‘வரி’ என்பது ஒரே உயரத்தில் படுக்கையாக அமையும் செங்கல் அடுக்கு. பரப்பிய கலவையின் நடுவே கரணை முனையால் மெல்லிய பள்ளம் இழுக்கிறார். கல்லின் ஒரு தலையில் கலவை அப்பி, அதை முன் வைத்த கல்லை நோக்கி நெருக்கிக் கீழே அழுத்துகிறார். கலவை இரு பக்கமும் பிதுங்கி வருவதே அடியில் வெற்றிடம் இல்லை என்பதன் அடையாளம். பிறகு கரணைப் பிடியால் ஒன்றிரண்டு தட்டு. கல்லின் மேல் விளிம்பு, இழுத்துக் கட்டிய நூலைத் தொடாமல் நூலிழை இடைவெளியில் நின்றவுடன் கை நின்றுவிடுகிறது. பிதுங்கிய கலவையை வழித்து அடுத்த கல்லின் தலைக்கே அப்பிவிடுகிறார். புதியவர்கள் இவ்விடத்தில் செய்யும் பிழைகள் பெரும்பாலும் மூன்று: கல்லை நூலில் முட்ட வைத்து நூலையே தள்ளிவிடுவது, வைத்த கல்லைப் பலமுறை ஆட்டி அசைத்துக் கலவையின் பிடிப்பைக் குலைப்பது, செங்குத்து மூட்டுகளைக் கலவையின்றி வெறுமையாக விட்டு வெளியே மட்டும் பூசி மறைப்பது. மூன்றாவது பிழை சில ஆண்டுகள் கழித்துச் சுவரில் மழை ஈரம் ஊறும்போதுதான் வெளிப்படும்; அப்போது அதைக் கட்டியவர் அங்கு இருக்கமாட்டார், குடியிருப்பவரே இருப்பார்.

கல்லடுக்கும் முறையைக் ‘கட்டு’ என்பர். ஒரு வரியின் செங்குத்து மூட்டுக்கு நேர் மேலே அடுத்த வரியின் மூட்டு அமையலாகாது என்பதே அதன் சாரம். மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்பட்டால் சுமை பக்கத்துக் கல்லுக்குப் பரவாமல் அக்கோட்டிலேயே சுவர் பிளக்கும். ஒரு வரியில் கற்களை நீளவாட்டிலும் அடுத்த வரியில் குறுக்குவாட்டிலும் மாற்றி மாற்றி வைப்பது பரவலாக வழங்கும் முறை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவச் செய்த எலிப்பொறிக் கட்டு இதனின் வேறானது; அதில் கற்கள் படுக்கையாக அமையாமல் விளிம்பில் நிறுத்தப்படுவதால் சுவரின் உள்ளே வெற்றறைகள் உண்டாகி, செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாவதோடு வெப்பமும் உள்ளே புகுவது குறைகிறது. ஆனால் கலவை அவ்வறைகளுக்குள் விழாமலும் கல் சாயாமலும் கட்டும் கைப்பழக்கம் எளிதில் வராது. 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, முறையாகக் கட்டடக்கலை பயின்று, இந்தியாவில் நெடுங்காலம் உழைத்து 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த பேக்கர், இமயமலையடிப் பித்தோரகரில் வாழ்ந்த ஆண்டுகளில் தம் கல்லூரிக் கல்வி அம்மலைக்குப் பொருந்தாமையை உணர்ந்து, அவ்வூர்க் கட்டுநர்களிடமிருந்தே கல்லையும் மண்ணையும் கையாளும் முறையைக் கற்றார். பட்டம் பெற்ற கட்டடக் கலைஞரே கிராமத்துக் கைகளிடம் மாணவரானார் எனின், பட்டமோ பழக்கமோ இல்லாத தொண்டர் அவ்வாறு ஆவதில் தயங்க ஏதுமில்லை.

சிறு பிழைகள் கூடிப் பெரிதாகும் கணக்கையும் அறிதல் வேண்டும். இரு வரிகளுக்கு இடையேயுள்ள படுக்கை மூட்டு 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 12 மில்லிமீட்டராகிவிட்டால் அந்த வேறுபாடு எவர் கண்ணுக்கும் தெரியாது. ஒரு மாடிச் சுவருக்கு ஏறத்தாழ 35 வரி எனக் கொண்டால் முடிவில் 70 மில்லிமீட்டர், அதாவது ஒரு கல்லின் உயரத்தளவு, கூடிவிடும். எதிர்ச்சுவரைச் சரியாகக் கட்டியவரின் வேலையோடு இது பொருந்தாமற் போகும். பிழை கண்டவுடன் பிரிப்பதற்கு அஞ்சலாகாது. கலவை இறுகுமுன் இரு வரியைப் பிரித்துக் கல்லைக் கழுவி மீண்டும் வைப்பது சில நிமிட வேலை. மறுநாள் அதற்கு உளியும் சுத்தியலும் தேவைப்படும், கல்லும் உடையும். மேஸ்திரி பிரிக்கச் சொல்லும்போது தொண்டர் முகம் வாடினால், அடுத்த முறை அவர் சொல்லத் தயங்குவார். விருந்தினரிடம் காட்டும் அத்தயக்கம் தொடங்கிய நாளிலேயே தொண்டரின் கல்வி நின்றுவிடுகிறது. ஆகவே, தம் வேலையைத் தயங்காமல் பிரிக்கச் சொல்லுமாறு மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது கற்பவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் பேருதவியாகும்.

நீராற்றுதல், அதாவது கட்டிய சுவரையும் இட்ட கான்கிரீட்டையும் தொடர்ந்து ஈரமாக வைத்திருத்தல், கட்டடத் தொண்டில் மிகவும் புறக்கணிக்கப்படும் பணி. சிமெண்டு காய்வதனால் இறுகுவதில்லை. நீருடன் வேதிவினை புரிந்தே இறுகுகிறது. நீர் தீர்ந்துவிட்டால் வினையும் நின்றுவிடும். செங்கற்சுவருக்கும் சாதாரண சிமெண்டு கான்கிரீட்டுக்கும் குறைந்தது 7 நாள், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டு வகைகளால் ஆன கான்கிரீட்டுக்கு 10 நாள் நீர் காட்டுதல் வேண்டும்; கோடை வெயிலில் அதற்கு மேலும் நீட்டிப்பது நல்லது. வார இறுதி முகாம்களில் சுவர் எழும்பும், நிழற்படம் எடுக்கப்படும், திங்கட்கிழமை குழு ஊர் திரும்பும், சுவரோ அதன் பின்னர்த்தான் வலிமை பெறத் தொடங்குகிறது. காலையும் மாலையும் குழாயோ குடமோ கொண்டு நீர் தெளிப்பதற்கு ஆள் ஏற்பாடு செய்யாத முகாம், பணியைப் பாதியில் விட்டதாகவே கொள்ளப்படும். எவரும் விரும்பிக் கேட்காத இப்பணியை ஒரு தொண்டர் கேட்டுப் பெற்று, ஏழு நாளும் தவறாமல் செய்வாராயின், அவர் மேல் மேஸ்திரி கொள்ளும் நம்பிக்கை கரணைத் திறனால் வருவதைக் காட்டிலும் விரைந்து வரும்.

உடலைக் காத்தல் பற்றியும் சொல்லப்பட வேண்டும். ஈரச் சிமெண்டு கடுமையான காரத்தன்மை உடையது. அது தோலை உடனே சுடாது, சில மணி நேரம் கழித்தே புண்ணாக்கும் என்பதனால் வெறுங்கையால் கலவை பிசைபவர் ஆபத்தை உணர்வதில்லை. கையுறையும் மூடிய காலணியும் அணிதல், கலவை பட்ட இடத்தை உடனே நீரால் கழுவுதல், சுண்ணாம்பு நீற்றும் இடத்தில் கண்ணாடி அணிதல் ஆகியவை இன்றியமையாதவை. சாரம், அதாவது உயரத்தில் நின்று வேலை செய்யச் சவுக்குக் கட்டையாலோ இரும்புக் குழாயாலோ கட்டப்படும் மேடை, கட்டத் தெரிந்தவரால் மட்டுமே கட்டப்பட வேண்டும். அதன் மேல் அன்றன்று வேண்டும் கல்லுக்கு மேல் ஏற்றிக் குவித்தல் கூடாது. ஆழமான வாணத்தில், அதாவது அடித்தளத்துக்காகத் தோண்டிய பள்ளத்தில், பக்க மண் சரியாதிருக்க முட்டுக் கொடுக்காமல் எவரும் இறங்கலாகாது. கட்டுமானத் தொழிலாளரையும் உட்கொண்ட நடுவண் சட்டங்களும், தமிழ்நாட்டில் 1994-இல் ஏற்பட்ட நல வாரியமும் கூலித் தொழிலாளருக்குச் சில காப்புகளை அளிக்கின்றன. தொண்டர் அவற்றுள் அடங்காதவராகவே இருக்கக்கூடும். ஆதலால் காப்பீடு உண்டா, முதலுதவிக்குப் பொறுப்பு யார், அண்மை மருத்துவமனை எது என்று முகாம் அமைப்பாளரை முதல் நாளே கேட்பது கோழைத்தனம் ஆகாது.

தொழில் முறையில் புதைந்துள்ள ஓர் அநீதியையும் இளம் தொண்டர் தம் பார்வையிலிருந்து விலக்கக் கூடாது. சித்தாள்களில் பெரும்பாலோர் பெண்கள். உதவியாளாகச் சேரும் ஆண் சில ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனாராக உயர்வதும், பெண் எத்தனை ஆண்டு உழைத்தாலும் சித்தாளாகவே, குறைந்த கூலியிலேயே, நின்றுவிடுவதும் இத்தொழிலின் நெடுங்கால வழக்கம். அத்தகைய களத்தில், நேற்று வந்த கல்லூரி மாணவருக்கு முதல் நாளே கரணை கொடுக்கப்பட, கால் நூற்றாண்டாகக் கலவை குழைத்த பெண் அவருக்குச் சட்டி சுமந்து எட்டித் தருவாராயின், அங்கே தொண்டு என்ற பெயரால் பழைய அநீதிக்கு மற்றொரு வரி சேர்க்கப்படுகிறது. கரணை பழகும் வாய்ப்பு ஒன்று களத்தில் உண்டெனில், அதைக் கற்க விரும்பும் சித்தாளுக்கும் அவ்வாய்ப்பில் பங்கு கேட்பது தொண்டருக்கு அழகு. அதுபோன்றே, இலவச உழைப்பு வந்ததைக் காரணம் காட்டி உள்ளூர்த் தொழிலாளரின் நாட்கூலி வெட்டப்படுகிறதா என்பதையும் அவர் விசாரித்தறிய வேண்டும். தொண்டர் வருகை கூலிக்குச் செலவிடும் பணத்தை மிச்சப்படுத்துவதாயின், அம்மிச்சம் நல்ல செங்கல்லாகவோ கூடுதல் அறையாகவோ அக்குடும்பத்துக்கே சேர வேண்டும்.

வீடு யாருக்காகக் கட்டப்படுகிறதோ அக்குடும்பத்தின் கருத்தைக் கேட்பதும் கைத்திறனின் ஒரு பகுதியே. அடுப்புப் புகை எவ்வழி போகும், மழைச்சாரல் எப்பக்கம் அடிக்கும், முதியவர் ஏறத்தக்க படியின் உயரம் என்ன என்பவற்றை வரைபடத்தைவிட அக்குடும்பத்தின் மூத்த பெண்மணி நன்கறிவார். ஆனால் பழகுவதற்கென்று அவர்கள் வீட்டு முகப்புச் சுவரைத் தேர்வது முறையன்று. களத்தின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குப் பயிற்சிச் சுவர் ஒன்றைச் சுண்ணாம்புக் கலவையிலோ மண் கலவையிலோ கட்டிப் பிரித்து, அதே கற்களால் மீண்டும் மீண்டும் கட்டிப் பழகலாம். அவை சிமெண்டுபோல் இறுகாமையால் கல் வீணாவதில்லை. பின்னர்ப் பூச்சில் மறையும் உட்சுவர்களிலும் திண்ணையின் அடிக்கட்டிலும் மூலைகளுக்கிடையே நூல் பிடித்த நடுப்பகுதியை ஏற்கலாம். மூலைகளை எழுப்புவது கடைசியில் வருவது. ஏனெனில் சுவர் முழுமையும் மூலையைப் பார்த்தே நூல் பிடிக்கப்படுகிறது. கலவையை வீசியடித்து மட்டப்பலகையால் சமன் செய்து மணியாஸ் கட்டையால், அதாவது கைப்பிடி வைத்த தட்டைப் பலகையால், தேய்த்து முடிக்கும் பூச்சு வேலை அதனினும் அரியது. அதை எளிதென்று கருதி முதலில் கேட்பவர் மிகுதி.

ஆழமாகக் கற்க விரும்புவோர்க்கு வழிகள் உண்டு. அழுத்திய மண்கற்களைச் சிறிதளவு சிமெண்டு சேர்த்துச் சூளையின்றி ஆக்கும் முறையையும், அவற்றால் வளைவும் கவிகையும் அமைக்கும் முறையையும் ஆரோவில் மண் கட்டடக்கலை நிறுவனம் பயிற்சி வகுப்புகளில் கற்பித்து வருகிறது. பேக்கர் வழியில் இயங்கும் காஸ்ட்ஃபோர்டு என்னும் அமைப்பு கேரளத்தில் சிக்கனக் கட்டுமானத்தை முன்னெடுக்கிறது. எனினும் வகுப்பறை எதுவும் உள்ளூர் மேஸ்திரி ஒருவருடன் ஒரு வீட்டை வாணம் வெட்டியது முதல் கூரை முடியும்வரை தொடர்ந்து உடனிருந்து பார்ப்பதற்கு ஈடாகாது. பத்து முகாம்களில் பத்து வெவ்வேறு வேலைகளைத் தொட்டுப் பார்த்தவரைக் காட்டிலும், ஒரே வீட்டின் எல்லாப் படிகளையும் கண்டவருக்கே ஒரு படியின் பிழை மற்றொரு படியில் எப்படி வந்து நிற்கிறது என்பது விளங்கும்.

ஆகவே, அடுத்த முகாமுக்குப் புறப்படுமுன் இளம் தொண்டர் செய்யத்தக்கவை சில. தமக்கென ஓர் அளவு நாடாவும் தூக்குக்குண்டும் வாங்கி, தம் வீட்டுச் சுவர்களையும் நிலைகளையும் அளந்தும் தூக்குப் பார்த்தும் பழகலாம். சிறு குறிப்பேடு ஒன்றில் அன்றன்றைய கலவை விகிதம், கட்டிய வரிகள், பிரித்த வரிகள், பிரித்ததன் காரணம் ஆகியவற்றை எழுதி வரலாம். களத்தில் மேஸ்திரியை முதலில் கண்டு, மணல் சலிப்பதும் கல் நனைப்பதும் நீராற்றுவதும் தமக்கு வேண்டும் என்று கேட்கலாம். கரணையை அவர் கொடுக்கும்வரை கேளாதிருக்கலாம். இவ்வளவும் செய்தபின் ஒரு நாள், தாம் கட்டிய வரியை மேஸ்திரி தூக்குப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு நூலை ஏற்றிக் கட்டுவாராயின், அதையே தேர்ச்சியாகக் கொண்டு அடுத்த கல்லை எடுக்கலாம்.